ஐந்து கந்தோர்களும் ஒரு வாய்க்காலும்

காலநிலை மாற்றம் என்ற சொல்லை முதன்முதலில் நான் கேட்டது, உப்பு வாய்க்காலின் வரம்பில் நின்றபோது. சங்கதி அதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. மழைக்கு மரியாதை கெட்டுப்போயிருந்தது. வரவேண்டிய மாதத்தில் வராது. உப்பு விளைந்து வெள்ளையாகக் கிடக்கிற நேரம் பார்த்து வந்து, ஒரே பின்னேரத்தில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டுப் போகும், சாப்பாட்டு நேரம் பார்த்து வருகிற சொந்தக்காரனைப் போல. அதற்குக் கொழும்பில் ஒரு பெயர் வைத்து, ஒரு கந்தோரும் திறந்து, கதிரை மேசை போட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் தில்லையடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். "வாப்பா, சுத்தி வளைக்காம நடந்தத மட்டும் சொல்லுங்க" என்கிறாள். அது எனக்கு வராது. எங்கள் வாய்க்காலே சுற்றி வளைந்துதான் போகிறது.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊரை விட்டு மன்னார்ப் பக்கமிருந்து இங்கே புத்தளத்துக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். அங்கே மீன் வியாபாரம். இங்கே வந்து உப்பு வாரும் கூலியாகத் தொடங்கி, வருடங்கள் போய், யுத்தமும் முடிந்த காலத்தில் எனக்கென்று ஒரு சின்னப் பாத்தி இருந்தது. வெயிலும் மூட்டைச் சுமையும் உடம்புக்கு ஒத்துவராமல் போனதும், சின்னப் பாத்திக்காரர் சங்கத்தில் என்னை வாய்க்கால் பார்க்கிறவனாக்கினார்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற களப்பிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால்தான் எங்கள் இருபத்திரண்டு பேருடைய பாத்திகளுக்கும் தண்ணீர் கொண்டுவருகிறது. இப்போது யார் மடைப் பலகையைத் தூக்கலாம், அடுத்து யார் என்று முறை சொல்வதுதான் என் வேலை. தண்ணீர் என்னுடையது இல்லை. வாய்க்காலும் என்னுடையது இல்லை. ஆனால் நான் சொல்லாமல் ஒருவரும் பலகையில் கை வைக்கமாட்டார்கள்.

என்னை ஏன் போட்டார்கள் என்று பக்கத்துப் பாத்திக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மன்னார் என்று கூப்பிடுவார்.

"எங்க எல்லாருக்கும் வாப்பா காலத்துப் பகை ஒண்டு ஒண்டு இரிக்கி மன்னார். ஒங்களுக்குத்தான் இன்னும் ஒண்டும் சேரல்ல. அதான்" என்றார்.

யுத்தம் முடிந்து மூன்று நாலு வருடம் இருக்கும். ஒரு காலையில் வரம்பில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் ஒரு லொறி நிறையக் கண்டல் கன்றுகள். களப்போரச் சேற்றில் வேரைக் கால் மாதிரி ஊன்றி நிற்குமே, அந்த மரம். இறங்கியவர்களில் மூத்தவர் காட்டுக் கந்தோர் ஐயா. சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். காலநிலை மாற்றத்தால் கடல் ஏறி வருகிறது, புயல் கூடுகிறது, கண்டல் நின்றால் கரை தப்பும், கொழும்பில் பெரிய திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, இந்தப் பக்கத்துல கண்டல் எங்க நல்லா வளரும்?"

இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் என்னிடம் எல்லாரும் கேட்பது, நீங்க எந்த ஊர் என்றுதான். இந்த மனுஷன் என்னை இந்த மண்ணின் ஆளாக நினைத்துக் கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சேறு எங்கே மெத்தென்று இருக்கும், உப்பு எங்கே மட்டு, அலை எங்கே அடிக்காது என்று ஒவ்வொன்றாக யோசித்து, சரியான இடத்தைக் கை காட்டினேன். எங்கள் வாய்க்கால் களப்பிலே சேருகிற வாய்.

கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். நானா நின்றிருந்தால் அந்தக் கையை அப்படியே மடக்கியிருப்பார். அவர் அன்றைக்குச் சிலாபம் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு வெட்டிக்கொண்டு கிடந்தார். நானே சேற்றில் இறங்கிக் கன்று நட்டேன். தொப்பி ஒன்று தந்தார்கள், பிஸ்கட் தந்தார்கள், படம் பிடித்தார்கள்.

அந்த வருடம் கரை நெடுக நட்ட கன்றுகளில் பாதியை ஆடு தின்றது. மேட்டில் நட்டவை உப்பிலே கருகின. ரோட்டோரம் நட்டதை எங்கள் ஊர்க் கழுதைகள் பார்த்துக்கொண்டன. பஸ்ஸுக்கே வழி விடாத கழுதைகள் கன்றுக்கா வழி விடும்? நான் காட்டிய இடத்தில் மட்டும் ஒன்றுகூடச் சாகவில்லை. வருகிற போகிற பெரிய மனிதர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டினார்கள். எனக்குச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. மகள் அதற்குக் கண்ணாடி போட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் கொழுவினாள்.

மூன்றாம் வருடம் வேர்கள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. வேரிலே சேறு பிடித்தது, சேற்றிலே வேர் பிடித்தது. ஆறடி அகலமாக இருந்த வாய் ஒரு முழமாகி, பிறகு ஒரு சாணாகி, கடைசியில் தண்ணீர் கசிந்தது. பம்பு வைத்து இறைக்கலாமே என்று கேட்பீர்கள். பம்பின் குழாயை வைக்கவும் தண்ணீர் வேண்டுமே. களப்புத் தண்ணீர் முதல் பாத்தியில் நின்று, காய்ந்து, தடித்த பிறகுதான் உப்புப் பாத்திக்குப் போகும். ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஏப்ரல் முடியுமுன் தண்ணீர் ஏறாவிட்டால் அந்த வருடம் இருபத்திரண்டு வீட்டுக்கும் உப்பு இல்லை. கை காட்டியவன் நான்.

நானா வாய்க்கால் வாயை வந்து பார்த்தார். வெட்டின கண்ணாலேயே பார்த்தார்.

"கண்ண வெட்டப் போனது நான். குருடானது நீங்களா மன்னார்?"

"தெரியாம போச்சு நானா."

"தெரியாமயா? சர்டிபிகேட் தந்திரிக்கிறானுவள் ஒங்களுக்கு!"

பள்ளிவாசலில் பகல் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் ஒருவன், "மரம் எப்படி, சுகமா?" என்பான். இன்னொருவன், "அத விடுடா, அவருக்கு மரத்துக்குத் தண்ணி ஊத்தப் போகணும்" என்பான். சிரித்துத்தான் சொன்னார்கள். சிரிப்புக்குள்ளே ஏப்ரல் இருந்தது.

நான்கைந்து கண்டலை வெட்டிவிட்டால் முடிந்தது என்று மண்வெட்டியோடு இறங்கினவனை மகள்தான் தடுத்தாள். கண்டலை வெட்டுவது குற்றமாம். நட்டவன் நானே என்றாலும் குற்றமாம். சரி, கேட்டுவிட்டு வெட்டுவோம் என்று போனேன். காட்டுக் கந்தோரில் மரியாதையாக உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார்கள். அது கரையோர மண், கரையோரக் கந்தோரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கரையோரக் கந்தோரிலும் தேத்தண்ணி தந்தார்கள். அங்கே இறால் குஞ்சு பொரிக்கும், மீன்பிடிக் கந்தோர் சம்மதிக்கவேண்டும் என்றார்கள். மீன்பிடிக் கந்தோரில் வாய்க்கால் யாருடைய காணியில் இருக்கிறது என்று கேட்டார்கள். காணிக் கந்தோரில் படத்தை மேசை மேலே விரித்துப் பார்த்தார்கள். படத்தில் வாய்க்காலே இல்லை.

"இல்லாத வாய்க்காலைத் தோண்ட நாங்க எப்படி ஐயா கடிதம் தாற? காட்டுக் கந்தோர்ல ஒரு கடிதம் வாங்கி வாங்களேன்" என்றான் அங்கே இருந்த தம்பி.

ஒருவரும் கெட்டவர் இல்லை. அவரவர் தன் பாத்தியைத் தான் காத்தார்கள். அந்த ஒரு மாதத்தில் நான் குடித்த தேத்தண்ணியை வாய்க்காலில் ஊற்றியிருந்தால் இரண்டு பாத்தி நிறைந்திருக்கும்.

அப்படி இருக்கிற நேரம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. காலநிலைக் கந்தோர் கரையோர மக்களையும் எல்லாக் கந்தோர்த் தலைவர்களையும் ஒரே மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தது. என்னை ஏன் கூப்பிட்டார்கள்? கண்டலைச் சிறப்பாக வளர்த்தவர் என்று. மகள் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானா சிரிக்கவில்லை.

"போவம். நானும் வாறன். ஒங்கள தனிய உட்டா அங்கயும் கை காட்டிப்போட்டு வருவீங்க."

விடியச் சுபஹு தொழுத கையோடு பஸ் ஏறினோம். சிலாபத்தில் இறங்கிப் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அங்கே முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற ஒரு கூட்டம் ஏறியது. நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா பிரசாதப் பழத்தை நீட்டினார். நானா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் பையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கொடுத்து, கொழும்பு வரைக்கும் என் கண்டல் கதையை முழுசாக அவருக்குச் சொன்னார். இறங்கும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, "யோசிக்காதீங்க ஐயா, நல்லது நடக்கும்" என்றார். முழு பஸ்ஸுக்கும் தெரிந்துவிட்டது.

மண்டபத்தில் ஏசி போட்டு மார்கழிக் குளிர். ஆளுக்கு ஒரு மைக். காதில் மாட்ட ஒன்று தந்தார்கள். சிங்களத்தில் கதைப்பது அதிலே தமிழில் வரும். எங்கள் ஊரில் நான் ஏறி இறங்கின கந்தோர்களின் தலைவர்கள் எல்லாரும் பெயர்ப்பலகை வைத்து வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டம் இருந்தது. காட்டுக் கந்தோருக்குக் கண்டல் திட்டம். கரையோரக் கந்தோருக்குக் கல் அணைத் திட்டம். மீன்பிடிக்கு இறால் திட்டம். மழை பார்க்கிற கந்தோர்க்காரர், எந்த மழையும் வருமுன் தாங்கள் அறிவித்துவிடுவதாகச் சொன்னார். நானா என் காதோரம், "யாருக்கு அறிவிச்சானுவள்?" என்றார். மைக்கில் அது விழுந்து, முழு மண்டபமும் கேட்டது.

நடுவில் காலநிலைக் கந்தோரின் பெரிய மிஸ் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னை எழுப்பி, கண்டலை எப்படி அவ்வளவு நன்றாக வளர்த்தீர்கள் என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார்.

வரும் வழி முழுக்க ஒரு நல்ல பதிலை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எழும்பினதும் அது போய்விட்டது.

"மிஸ், நான் ஒண்டும் வளக்கல்ல. இடம் காட்டினேன். பிழையான இடத்தக் காட்டிப்போட்டேன். எங்கட தண்ணி வாற வாயை நானே அடச்சிட்டேன். இப்ப திறக்கிறதுக்கு இவங்க எல்லாரிட்டயும் போனேன். எல்லாரும் நல்லவங்க. எல்லாரும் தேத்தண்ணி தந்தாங்க."

ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது. பெரிய மிஸ்ஸும் சிரித்தார். சிரித்து முடித்து, பெயர்ப்பலகைகளை ஒன்றொன்றாகப் பார்த்துக் கேட்டார். நீங்கள் அந்த இடத்துக்குப் போயிருக்கிறீர்களா? போயிருக்கிறோம். நீங்கள்? போயிருக்கிறோம். எல்லாரும் ஒரே நாளில் போயிருக்கிறீர்களா? ஒவ்வொருவரும் பக்கத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்தார்கள்.

தேத்தண்ணி இடைவேளையில் மிஸ் எங்களிடம் வந்தார். தமிழ் கொஞ்சம் வந்தது.

"மாமா, என்ட கந்தோருக்கு ஒரு மரம் இல்ல. ஒரு போட் இல்ல. ஒரு பேர்ச் காணி இல்ல. வெட்டுங்க எண்டு சொல்ல ஏலாது. ஆனா வாங்க எண்டு இவங்கள கூப்பிட ஏலும். நான் கூப்பிட்டா வரத்தான் வேணும்."

நானா என்னை விலாவில் இடித்தார். "ஒங்கட வேலைதானே மன்னார்! தண்ணி இல்லாத வாய்க்கால்காரி!"

மிஸ்ஸுக்கு அது விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். எங்கள் இருபத்திரண்டு பேரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பலகையைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று கேட்டார். சண்டை என்றேன். ஒருவருமே தூக்காவிட்டால்? உப்பு இல்லை என்றேன். அவர் ஒரு சின்னக் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் பாதியில் வந்தார்கள். ஐந்து கந்தோர், ஐந்து அதிகாரிகள், மிஸ்ஸோடு ஆறு பேர், ஒரே வேன். அது மிஸ்ஸின் கட்டளை. தனித்தனி வாகனம் என்றால் தனித்தனியாகத் திரும்பிவிடுவார்களாம். சிலாபம் தாண்டும்போதே உள்ளே சண்டை தொடங்கிவிட்டதாகச் சாரதி சொன்னான். நான் சாரனை மடித்துக் கட்டி, வாய்க்கால் வாயில் இறங்கிக் காட்டினேன். முதலில் கன்று கொண்டுவந்தாரே, அதே காட்டுக் கந்தோர் ஐயாதான் எனக்குப் பின்னால் முதலில் இறங்கினார். ஒரு கால் சப்பாத்தைச் சேறு எடுத்துக்கொண்டது. அவர் தேடாமல் வேரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மற்றவர்களும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கியும் ஒரு மணி நேரம் கதைத்தார்கள். சட்டம் இப்படி, இறால் அப்படி, படத்தில் இல்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முடிவு வரவில்லை.

"சாப்பிட்டுப் போட்டுச் சண்ட புடிங்க" என்று நானா எல்லாரையும் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மிஸ்ஸை உள்ளே பெண்களோடு இருத்தினார்கள். வெளியே பாய் விரித்து, நடுவில் சஹன் வந்தது. பெரிய தட்டில் சோறு குவித்து, நடுவிலே கோழி வைத்து, சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஆறு பேர் சேராமல் சஹனில் கை வைக்கமாட்டார்கள். அதிகாரிகள் ஐந்து பேர்தான் இருந்தார்கள். நானா என் தோளைப் பிடித்து அமுக்கி அந்த ஆறாம் இடத்தில் உட்கார வைத்தார்.

கை கழுவத் தண்ணீர் வந்தது. பிறகு, சோற்றில் கை வைக்குமுன் ஆளுக்கு ஒரு சிட்டிகை நாவில் வைக்கிற உப்பு, சின்னத் தட்டில் வந்தது. நானா அதைத் தானே ஒவ்வொருவர் முன்னாலும் பிடித்தார்.

"எடுங்க சேர். எங்கட பாத்தி உப்பு. போன வருசத்து. வீட்டுல மிச்சம் இவ்வளவுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எடுத்தார்கள். மழைக் கந்தோர்த் தம்பி மட்டும் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர இருமினான்.

சஹனில் மூத்தவர்தான் கோழியைப் பிரிக்கவேண்டும். மூத்தவர் காட்டுக் கந்தோர் ஐயா. பிரித்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"பிழை இவருட மட்டும் இல்ல. நான்தானே எங்க வளரும் எண்டு கேட்டேன். வாய்க்கால் எங்க எண்டு கேக்கல்ல."

"நீங்க ஆறடிக்குச் சம்மதிச்சா, மெஷின் போடாம கையால தோண்டுறதுக்கு நாங்க கடிதம் தருவம்" என்றார் கரையோரக் கந்தோர்க்காரர்.

"குஞ்சு வர முந்தி முடிக்கணும். இந்த மாசத்துக்குள்ள" என்றார் மீன்பிடி.

"வாய்க்கால் படத்துல இல்லயே" என்று காணிக் கந்தோர்த் தம்பி இழுத்தான்.

"சேத்துல நிண்டாய்தானே மகன்? படத்துல கீறு!" என்றார் நானா, கறிச் சட்டியோடு மேலே நின்றபடி.

சஹன்தான் தீர்த்தது என்று நானா இன்றைக்கும் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி வேனிலேயே தீர்ந்திருக்கவேண்டும். மீதிப் பாதி சப்பாத்தோடு சேற்றில் போனது. ஆனால் நானாவின் மனைவி சமைத்த கோழியை நான் குறை சொல்லப்போவதில்லை. நான் அந்த வீட்டுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன்.

பாயிலேயே எழுதினார்கள். ஆறடி அகலத்தில் நிற்கிற மரத்தை மட்டும் எடுப்பது. எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் மூன்று கன்று வேறு இடத்தில் நடுவது. அந்த இடத்தைச் சங்கம் கூடிச் சொல்வது. இந்த வரியை வாசித்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மழை அறிவிப்பை மீன்பிடிக்காரருக்கு அனுப்புகிற மாதிரி உப்புக்காரருக்கும் அனுப்புவது. மிஸ் உள்ளேயிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். நானாவின் மனைவி கொடுத்திருக்கிறார். ஒரே கடதாசியில் ஐந்து ஒப்பமும் வாங்கி, ஆறாவதாகத் தன்னுடையதை வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கு முதல் நாள் நாங்கள் இறங்கித் தோண்டினோம். இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் வந்தார்கள். காட்டுக் கந்தோர் ஐயா ரப்பர் சப்பாத்தோடு வந்து, எந்த வேரை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்று வரம்பில் நின்று சொன்னார். பகல் முழுக்கத் தோண்டி, கடைசிச் சேற்றை வாரிப் போட்டதும் எல்லாரும் விலகி நின்று பார்த்தோம்.

தண்ணீர் வரவில்லை.

நானா என்னைப் பார்த்தார். நான் களப்பைப் பார்த்தேன். வற்று நேரம், தண்ணீர் ஒரு முழம் கீழே கிடந்தது. அவ்வளவு அவசரத்தில் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. ஐந்து கந்தோரை ஒரே நாளில் கூட்டின நாங்கள் களப்பைக் கேட்க மறந்துவிட்டோம்.

"இதுக்கு எந்தக் கந்தோரு மன்னார்?" என்று யாரோ கேட்டான். சிரித்துக்கொண்டே வரம்பில் உட்கார்ந்தோம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கும்போது காற்று திரும்பியிருந்தது. களப்பு ஒரு விரல் ஏறி, இன்னொரு விரல் ஏறி, குப்பையும் நுரையுமாக வாய்க்குள்ளே நுழைந்தது. முதலில் தயங்கித் தயங்கி. பிறகு வழி தெரிந்தவன் நடை.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முறை சொல்லவேண்டும். பள்ளி வாசலில் என்னை அதிகமாகக் கேலி பண்ணினவனுக்கு முதல் முறையைக் கொடுத்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு பலகைக்கு நடந்தான். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லி, இருபத்தோராவதாக நானாவைச் சொன்னேன்.

"ஏன், நான் என்ன செஞ்சன்?" என்று பாய்ந்தார்.

"எனக்கு முந்தி விட்டிருக்கிறேனே நானா."

நாளுக்கு மூன்று பேராக, என் முறை வர எட்டு நாள் ஆனது. ஏப்ரலில் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. காலையில் போய்ப் பலகையைத் தூக்கினேன். பாத்தியின் நாலு மூலையும் நனையும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, பலகையை இறக்கி, தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போனேன்.